ஊசியா, மாத்திரையா, வாளித் தண்ணீரா? அரிக்கும் நாய்க்கு எதை முதலில் செய்வது

இரவு இரண்டு மணிக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்கும்: சளப், சளப். எங்கள் நாய் மணி தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கும். விளக்கைப் போட்டால் நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் பார்க்கும். அணைத்த மறுநிமிடம் மீண்டும் தொடங்கும். லேப்ரடார், வெளிர் மஞ்சள், 32 கிலோ. இரண்டு வயதில் ஆரம்பித்தது இது. ஆறே மாதத்தில் விரலிடுக்கு முடியெல்லாம் எச்சில் கறை ஏறி, புளி போட்டுத் துலக்காத பித்தளைச் செம்பின் நிறத்துக்கு வந்துவிட்டது. காதைத் தூக்கினால் புளித்த மாவு வாடை.

பாளையங்கோட்டையில் நாய் வளர்ப்பவனுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி வேப்பெண்ணெய் என்றார். மருந்துக் கடைத் தம்பி சளிக்குக் கொடுக்கும் மாத்திரையை நீட்டினார். காலை நடையில் பழக்கமான ஒருவர், “ஓர் ஊசி போடுங்கள் சார், மறுநாளே நின்றுவிடும்” என்றார். மகள் கைபேசியைப் பார்த்துவிட்டுப் புது மாத்திரை ஒன்றின் பெயரைச் சொன்னாள். அம்மாவுக்கு எல்லாமே சூடுதான். “கோழியை நிறுத்து” என்றாள்.

மூன்று ஆண்டுகளில் வேப்பெண்ணெய் தொடங்கி எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். ஒவ்வொருவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. எதை எதற்கு முன்னால் செய்வது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. என் பணமும் மணியின் தோலும் வீணானது அங்கேதான்.

சொறியா, தெள்ளா, ஒவ்வாமையா

ஒவ்வாமைக்கு மருந்து தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், அது ஒவ்வாமைதானா என்று பார்க்க வேண்டும். அரிக்கும் இடமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். வாலடியிலும் பின்தொடையிலும் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். காது ஓரமும் முழங்கையும் செதில் செதிலாக உதிர்ந்தால் சொறிப்பூச்சி. பாதம், அக்குள், அடிவயிறு, காது, முகம் என்று அரித்தால்தான் காற்றிலும் தூசியிலும் உணவிலும் இருந்து வரும் ஒவ்வாமையின் பக்கம் திரும்ப வேண்டும்.

உண்ணி கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெள்ளு அப்படி இல்லை. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, காசே கிடையாது. பேன் சீப்பால் வாலடியை வாரி, விழும் கறுப்புத் தூளை நனைத்த வெள்ளைத் துணியில் போடுங்கள். சும்மா கிடந்தால் மண். சிவப்பாகக் கரைந்தால் தெள்ளின் கழிவு. அந்தச் சிவப்பு உங்கள் நாயின் ரத்தம். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு நாலைந்து கடி போதும், நாள் முழுக்க அரிக்கும்.

சங்கரன்கோவில் பக்கம் இருக்கும் என் சித்தப்பா மகன் கன்னி என்ற நாட்டு இன நாய் வளர்க்கிறான். அது போன வருடம் ஓயாமல் சொறிந்தது. மணிக்குக் கொடுத்த மருந்தை அதற்கும் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தான். “வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா தம்பி?” என்று கேட்டேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வயிற்றிலும் கையிலும் சிவப்புப் பொரி. அது ஒவ்வாமை இல்லை, நாயிடமிருந்து தொற்றிய சொறிப்பூச்சி. மருத்துவர் நாயின் காது மடலைத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். பின்னங்கால் தானாக உதைத்திருக்கிறது. சொறிக்கு அது நல்ல அடையாளம். தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையில் இந்தப் பூச்சி பல சமயம் சிக்காது என்பதால், சிக்கவில்லை என்றாலும் சந்தேகத்தின்பேரிலேயே மருந்து கொடுப்பார்கள். நாய்க்குக் குணமானதும் பிள்ளைகளுக்கும் அடங்கிவிட்டது. என் மருந்தைக் கொடுத்திருந்தால் அரிப்பு சில நாள் மட்டுப்பட்டிருக்கும், பூச்சி உள்ளே பெருகியிருக்கும்.

பூச்சிக்கு என்ன கொடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பிடரியில் விடும் சொட்டு மருந்து, கழுத்துப் பட்டை, குளிப்பாட்டும் மருந்து, மாத்திரை என நான்கு வழிகள் உண்டு. வாரம் ஒரு முறை நாயைக் குளிப்பாட்டப் போகிறவர்களுக்கு மாத்திரைதான் தோது. தண்ணீரில் கழுவிப் போகாது. அஃபாக்ஸோலனர் ஒரு மாதத்துக்கும் ஃபுளூராலனர் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கும் வேலை செய்யும். தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி மூன்றையும் ஒரே மாத்திரை பார்த்துக்கொள்கிறது. வலிப்பு வந்த நாய் என்றால் மட்டும் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாயின் மேல் இருப்பதைவிடப் பல மடங்கு தெள்ளு முட்டையாகவும் புழுவாகவும் சாக்கிலும் பாயிலும் இருக்கும். உண்ணி சுவர் வெடிப்பில் ஏறி உட்கார்ந்திருக்கும். எனவே மருந்து கொடுத்த வாரமே படுக்கைச் சாக்கையும் வெந்நீரில் போடுங்கள்.

பூச்சி போனபின் கிருமி. இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மணியின் பாதத்தில் ஒட்டு நாடாவை ஒட்டி எடுத்து, சாயம் போட்டு, நுண்நோக்கியில் காட்டினார்கள். ஊதா நிறத்தில் குட்டி நிலக்கடலைகள் குவியலாகக் கிடந்தன. மலசீசியா என்ற ஈஸ்ட். காதில் வந்த வாடை அதனுடையது. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாகவே அரிக்க வைப்பவை. அவை இருக்கும்போது எந்த ஒவ்வாமை மருந்தும் பாதிதான் வேலை செய்யும். “மருந்து சரியில்லை” என்று நாம் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்போம்.

அண்ணாச்சியின் வேப்பெண்ணெய் தோற்றதன் காரணமும் எனக்கு அங்கேதான் புரிந்தது. இந்த ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வளர்வது. எண்ணெய் பூசுவது அதற்குப் பந்தி போடுவதுபோல. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நாய் நக்கினால் கற்பூரம் விஷம். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலைப் பூசும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி மரியாதையாக எழுத என்னால் முடியாது.

கோழியை நிறுத்துவதா

அம்மா சொன்னதைச் சோதிக்க எட்டு வாரம் ஆகும். நாய்களுக்கு ஒவ்வாத உணவுகளில் முன்வரிசையில் இருப்பவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. நம் ஊர் நாய் பால்சோற்றிலும் கோழிச்சோற்றிலும் பிஸ்கட்டிலும்தான் வளர்கிறது. அந்த நான்கில் மூன்று அதன் தட்டிலேயே இருக்கிறது. உணவு ஒவ்வாமையை ரத்தத்திலோ எச்சிலிலோ பார்த்துச் சொல்கிறேன் என்பவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அவற்றை நம்ப முடியாது. இதுவரை தின்னாத ஓர் இறைச்சி, ஒரு மாவுப்பொருள், தண்ணீர், வேறு எதுவும் கிடையாது என்று எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

எங்கள் வீடு சைவம். மணிக்காகக் கோழி மட்டும் புறவாசலில் தனி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. மீனை அது பார்த்ததே இல்லை. ஆகவே சாளை மீனும் சீனிக்கிழங்கும் என்று முடிவானது. ஐம்பது வயதுக்கு மேல் மீன் வாங்கப் பழகினேன். முள் மாவாகும்வரை குக்கரில் வேகவைக்க வேண்டும். நன்றாகத்தான் போனது, இருபத்து மூன்றாம் நாள்வரை. அன்று விருந்தாளி வாங்கி வந்த அல்வாவில் ஒரு துண்டை அம்மா மணிக்கு ஊட்டிவிட்டாள். “ஆசையாகப் பார்த்தது, பாவம்” என்றாள். சம்பாக் கோதுமைப் பாலும் நெய்யும் சீனியும் சேர்ந்தது நம் ஊர் அல்வா. சோதனையைக் கெடுக்க இதைவிடப் பொருத்தமான பண்டம் இல்லை. மறுநாளிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.

எட்டு வாரத்தில் அரிப்பு குறையவில்லை. குறைந்திருந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் மீண்டும் வருகிறதா என்று உறுதி செய்திருக்க வேண்டும். மணிக்கு உணவு காரணமில்லை. புரதத்தைச் சிதைத்துச் செய்யும் கடை உணவிலும் இதே சோதனையைச் செய்யலாம். விலை அதிகம், அடுப்பு வேலை மிச்சம், அல்வா ஆபத்து இரண்டிலும் ஒன்றுதான். குட்டி நாய்க்கு மட்டும் வீட்டுச் சமையலை மருத்துவரைக் கேட்காமல் எட்டு வாரம் கொடுக்காதீர்கள்; எலும்பு வளரும் வயது.

ஊசியும் இரண்டு மாத்திரைகளும்

மிஞ்சியது அடோபி என்று மருத்துவர்கள் சொல்லும் பரம்பரை ஒவ்வாமை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்கும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவற்றுக்கு அதிகம் வருவது. குணமாகாது, அடக்கி வைக்கலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எது நாளைக்கே அரிப்பை நிறுத்தும் என்பதல்ல. பத்து வருடம் எதைக் கொடுத்துக்கொண்டிருக்க முடியும் என்பதே கேள்வி.

நான் முதலில் போனது ஊசிக்கு. பல வாரம் உடலில் தங்கி வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி. ஒரே நாளில் நின்றது, அந்த நடைப் பழக்கக்காரர் சொன்னபடியே. இரவு முழுக்கத் தூங்கினோம். பிறகு மணி தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. ஒரு வாளி வைத்தால் சாயங்காலத்துக்குள் காலி. ராத்திரி நாலு தடவை கதவைப் பிராண்டும். சோற்றுத் தட்டை நக்கி நக்கி நடு முற்றம்வரை தள்ளிக்கொண்டு போகும். முதல் ஊசி ஐந்து வாரம் நின்றது, மூன்றாவது மூன்று வாரம்கூட நிற்கவில்லை. எடை 36 கிலோவாக ஏறியது.

ஸ்டீராய்டே கூடாது என்று பேசுபவர்களோடு நான் சேரமாட்டேன். அதே ஸ்டீராய்டை மாத்திரையாக, பிரெட்னிசொலோனாகக் கொடுத்தால் கதை வேறு. டீ விலைக்குள் ஒரு மாத்திரை. சில நாள் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தலாம். தாகம் அதிகமானால் அளவைக் குறைக்கலாம். ஊசியாகப் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. எனக்கு அதன்மேல் உள்ள மனக்குறை அவ்வளவுதான். ஆனால் மாத்திரையையும் திடீரென நிறுத்தக் கூடாது. மூட்டுவலிக்குக் கொடுக்கும் மெலாக்சிகாம் போன்றவற்றோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது, குடல் புண்ணாகும். மாதக்கணக்கில் நீண்டால் தசை கரையும், வயிறு தொங்கும், தோல் மெலியும், சர்க்கரை நோய்கூட வரலாம். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் அரிக்கும் நாய்க்கு இது போதும். வருடம் முழுக்க அரிக்கும் நாய்க்கு இதையே நம்பியிருப்பது தவறு.

மகள் சொன்ன புது மாத்திரை ஓக்லாசிட்டினிப். அமெரிக்காவில் 2013-ல் அனுமதி பெற்றது. அரிப்புச் செய்தியைக் கடத்தும் வழியை உடலுக்குள் அடைக்கிறது. சில மணி நேரத்திலேயே பலன் தெரியும். வேகத்தில் ஸ்டீராய்டுக்குச் சளைத்ததில்லை. தாகமில்லை, பசி வெறியில்லை, ராத்திரி கதவைப் பிராண்டுவதில்லை. கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம் கணக்கில் முதல் 14 நாள் வரை இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை. மணியின் எடைக்கு 16 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. ஒரு வேளைக்கு இறக்கும்போது சில நாள் அரிப்பு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதற்குப் பயந்து இரண்டு வேளையையே தொடரக் கூடாது. ஒரு வயது நிரம்பாத நாய்க்குக் கிடையாது. தீவிரத் தொற்று இருக்கும்போதும் புற்றுநோய் உள்ள நாய்க்கும் கிடையாது. நாளும் கொடுப்பதானால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

தடை விலைதான். பெரிய நாய்க்கு மாதம் முழுக்கக் கொடுத்தால் எங்கள் பால் கணக்கைத் தாண்டுகிறது. ஐந்து கிலோ ஷிட்சூ வைத்திருப்பவருக்கு இது பெரிய கவலையில்லை. எடையைப் பொறுத்துச் செலவு மாறும் மருந்து என்பதால், ஒருவர் வீட்டுக் கணக்கை இன்னொருவர் வீட்டுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

மூன்றாவதாக, நோயெதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், தொடக்கத்தில் வாந்தி வரலாம். அரிப்பில் நாய் தோலைக் கடித்துக் கிழித்துக்கொண்டிருக்கும்போது ஆறு வாரம் யார் காத்திருப்பார்கள்? ஓக்லாசிட்டினிப் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு இருக்கட்டும். மாதம் ஒரு முறை போடும் லோகிவெட்மாப் ஊசி அரிப்பைத் தூண்டும் செய்தி ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்தும் எதிர்ப்புப் புரதம். ஸ்டீராய்டு இல்லை, பக்கவிளைவும் குறைவு. உங்கள் மருத்துவரிடம் கிடைத்தால் யோசிக்கத் தக்கது.

மருந்துக் கடைத் தம்பியின் செட்டிரிசின் மனிதருக்கு வேலை செய்வதுபோல் நாய்க்குச் செய்வதில்லை. லேசான அரிப்பில் கொஞ்சம் உதவலாம். ஆனால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். சளி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கும். அவை நாய்க்கு ஆபத்து. படைக்குப் பூசும் மூன்று நான்கு மருந்து கலந்த களிம்புகளும் அப்படியே. பூசிய ஐந்தாவது நிமிடம் அது நாயின் வயிற்றில் இருக்கும்.

வாளித் தண்ணீர்

யாரும் எனக்குச் சொல்லாத வழி இது. ஒரு மருந்துக்கு இருக்கும் மதிப்பு குளியலுக்கு இல்லை, காரணம் அதில் நாம் நனைகிறோம். ஒவ்வாமை உள்ள தோல் ஓட்டை விழுந்த கூரைபோல. தூசிச் செள்ளும் (வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி) மகரந்தமும் அதன் வழியாகவே உள்ளே இறங்குகின்றன. வாரம் ஒரு முறை கழுவினால் அவை இறங்குவதற்கு முன்பே போய்விடும். கிருமி நிறைய இருந்தால் முதல் சில வாரம் இரண்டு முறை.

பாக்டீரியாவைக் கொல்லும் குளோர்ஹெக்சிடினும் ஈஸ்ட்டைக் கொல்லும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பு, குளிர்ந்த தண்ணீர், பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம்தான் மருந்து. பூசி உடனே கழுவினால் ஷாம்புக்குக் கொடுத்த காசு சாக்கடைக்குப் போகிறது. புறவாசலில் வானொலியைத் திறந்து வைப்பேன். இரண்டு பாட்டு முடியும்வரை விரலிடுக்கிலும் அக்குளிலும் கவட்டிலும் நுரையைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். மணி முதல் பாட்டில் நடுங்கும், இரண்டாவதில் பெருமூச்சு விட்டு என் முழங்காலில் தலையைச் சாய்க்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் நுரையே எழும்பாது. தாமிரபரணித் தண்ணீர் வரும் குழாய்தான் உதவும். கடைசியில் விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். அங்கே ஈரம் தங்கினால் நிலக்கடலைகள் திரும்பி வரும். மனிதர் சோப்பும் தரை துடைக்கும் கிருமிநாசினியும் கூடாது. நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது.

ஒவ்வாமைத் தடுப்பூசி என்றொரு வழியும் உண்டு. எந்தப் பொருள் ஒவ்வாது என்று சோதித்து, அதையே சிறுகச் சிறுகச் செலுத்திப் பழக்குவது. உடலின் போக்கையே மாற்றப் பார்க்கும் சிகிச்சை இது ஒன்றுதான். ஏறக்குறைய பத்தில் ஆறு ஏழு நாய்களுக்குப் பலன் தரும், ஆனால் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். இளம் வயது, வருடம் முழுக்க அரிப்பு, கையில் பணமும் பொறுமையும் என்றால் இதைத் தள்ளிப்போடாமல் பேசுங்கள். ஒன்பது வயது நாய்க்கு நான் செய்யமாட்டேன்.

எங்கள் வீட்டில் நிலைத்தது

முடிவெடுக்க உதவியது தினசரி காலண்டர். கிழித்த தாளின் பின்பக்கத்தில் தினமும் அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண், அன்று கொடுத்த மருந்து, குளியல் இருந்தால் ஒரு ‘கு’. ஒரு வருடத் தாள்களைக் கோத்துப் பார்த்தபோது வடிவம் தெரிந்தது. பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு, மூன்று. ஆனி, ஆடிக் காற்றில் நான்கு. ஐப்பசி மழை தொடங்கிச் சுவர் ஓதம் ஏறியதும் எட்டு, தை பிறந்து நன்றாக வெயில் அடிக்கும்வரை இறங்குவதில்லை. தூசிச் செள்ளுக்கு ஈரக்காற்றுதான் சோறு. பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும் என்று நான் நினைத்த விலை உயர்ந்த மாத்திரை, மணிக்கு நான்கு மாதம்தான் தேவைப்பட்டது. மீதி நாளெல்லாம் பூச்சி மாத்திரையும் வாரக் குளியலும் தட்டில் இரண்டு சாளையும். சாளையின் கொழுப்பு தோலுக்கு நல்லது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

உங்கள் நாயின் தாள்களில் வேறு வடிவம் வரலாம். பன்னிரண்டு மாதமும் ஏழு, எட்டு என்றால் என் வழி உங்களுக்குப் போதாது. தினசரி மாத்திரையையோ ஒவ்வாமைத் தடுப்பூசியையோ பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். சில வாரம் மட்டும் ஏறி இறங்கினால் பிரெட்னிசொலோனே போதும், பெரிய செலவு வேண்டாம். வாலடியில் மட்டும் அரித்தால் இந்தக் கட்டுரையின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மணிக்கு இப்போது ஐந்து வயது, 31 கிலோ. பாத முடி வெளுத்துவிட்டது. நேற்றுத் தாளில் மூன்று என்று எழுதினேன். ஐப்பசி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, ஷாம்பு கால் பாட்டில்தான் மிச்சம். சாயங்காலம் வண்ணார்பேட்டை போகும்போது வாங்கி வர வேண்டும்.